சங்கிலிக் கடை பார்பிக்யூவில் நல்ல கறி கிடைக்குமா?

எனக்கு வந்த கேள்வி சுருக்கமாக இது. வேலை மாற்றலாகி டாலஸுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. அலுவலகத்தில் ஆளாளுக்கு டெக்சஸ் பார்பிக்யூவைப் பற்றியே பேசுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில், ஒரே பெயரில் பல கிளை வைத்திருக்கும் ஒரு சங்கிலிக் கடைக்கு ராத்திரி எட்டு மணிக்குப் போய் பிரிஸ்கெட் என்ற மாட்டுக்கறி வாங்கினால், நார் நாராகக் காய்ந்து கிடந்தது. சாஸை ஊற்றித்தான் விழுங்க முடிந்தது. பெயர்பெற்ற கடைகளிலோ இரண்டு மணி நேரம் வரிசை. சங்கிலிக் கடைகள் எல்லாமே இப்படித்தானா? அடுத்த மாதம் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், அப்பா மாடு தொடமாட்டார், அவர்களை எங்கே கூட்டிப் போவது?

"எட்டு மணி" என்று எழுதியிருக்கிறீர்களே, விடையில் பாதி அதிலேயே இருக்கிறது. எந்தக் கடைக்குப் போனீர்கள் என்பதைவிட எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பதுதான் முக்கியம். ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்துவிட்டால் வரிசையில் நிற்காமலே நல்ல கறி சாப்பிடலாம்.

நான் டாலஸின் வடக்குப் புறநகரில் 14 வருடமாக இருக்கிறேன். வீட்டுக் கொல்லையில் விறகு போட்டு எரிக்கும் புகையடுப்பு ஒன்று வைத்து, மாதம் ஒரு தடவையாவது பிரிஸ்கெட் போடுகிறேன். அது போக, என் மச்சான் ஒரு பார்பிக்யூ சங்கிலியின் கிளையை பிரான்சைஸ் எடுத்து நாலு வருடம் நடத்தினார். பெயர் வேண்டாம். சனி ஞாயிறுகளில் கணக்கு எழுதிக் கொடுக்கப் போனவன், ஆள் குறைந்த நாட்களில் வெட்டும் பலகையிலும் நின்றேன். கடையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்த்தவன் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சென்னையிலும் கோவையிலும் பார்பிக்யூ என்றால் மேசை நடுவில் தணல் வைத்து, கம்பியில் குத்திய கோழியும் இறாலும் பன்னீரும் வந்துகொண்டே இருக்கும் சாப்பாடு என்றுதான் நமக்குப் பழக்கம். பார்பிக்யூ நேஷன் 2006-ல் தொடங்கியதிலிருந்து அந்தப் படமே மனதில் நின்றுவிட்டது. அது சுட்ட கறி. நேரடித் தணலில், சில நிமிடத்தில், கேட்ட பிறகு சுட்டுத் தரலாம். அமெரிக்கத் தெற்கில் பார்பிக்யூ என்பது வேறு சங்கதி. தீ ஒரு பக்கம், கறி இன்னொரு பக்கம். நடுவில் போவது புகையும் சூடான காற்றும்தான். சூடு 110-லிருந்து 135 டிகிரி செல்சியஸ். வேக ஆகிற நேரம் பத்திலிருந்து பதினாலு மணி நேரம். நீங்கள் கேட்ட பிறகு யாராலும் இதைச் செய்து தர முடியாது.

பிரிஸ்கெட் மாட்டின் நெஞ்சுக்கறி. ஆட்டுக்கறிக் கடையில் மார்கண்டம் என்று கேட்டு வாங்குவோமே, மாட்டில் கிட்டத்தட்ட அந்த இடம். மாடு நிற்கும்போதும் நடக்கும்போதும் பாரம் தாங்குகிற தசை, அதனால் ஜவ்வு அதிகம். சாதாரணமாக வேகவைத்தால் செருப்புத்தோல்தான். ஆனால் அந்த ஜவ்வு 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்லக் கரைந்து பசையாகும். ஆட்டுக்கால் சூப் ஆறினால் விரலில் பிசுபிசுவென ஒட்டுமே, அதே பசை. கறியின் நடுப்பகுதி சுமார் 95 டிகிரிக்கு வரும்போது அது முழுக்க இளகி நாருக்கு நடுவில் தங்கும். நல்ல பிரிஸ்கெட்டின் ஈரம் என்பது பெரும்பாலும் இந்தப் பசையும் உருகிய கொழுப்பும்தான், தண்ணீர் அல்ல.

அவசரப்படவும் முடியாது. 65, 70 டிகிரியை நெருங்கும்போது கறி அப்படியே நின்றுவிடும். மணிக்கணக்கில் வெப்பமானி முள் நகராது. நமக்கு வேர்த்தால் உடம்பு குளிர்வது போல, கறியின் மேலே ஈரம் ஆவியாகிப் போவதால் உள்ளே ஏறுகிற சூடும் வெளியே இறங்குகிற சூடும் சமமாகிவிடுகிறது. முதல் தடவை வீட்டில் செய்தபோது வெப்பமானி கெட்டுவிட்டதென்று நினைத்து இன்னொன்று வாங்க கடைக்கே போய்விட்டேன். அந்த நிலையில்தான் பழுப்புத் தாளில் இறுகச் சுற்றி மறுபடி உள்ளே வைப்பார்கள்.

இப்போது ஒரு கடைக்காரராக யோசியுங்கள். நாளை மதியம் விற்க வேண்டிய கறியை இன்று சாயங்காலமே அடுப்பில் ஏற்ற வேண்டும். நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள்? மழை பெய்தால்? டாலஸின் கௌபாய்ஸ் அணிக்கு அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் இருந்தால்? என் மச்சான் ஒரு நோட்டில் போன வருடம் இதே நாள், இதே கிழமை எவ்வளவு விற்றது என்று எழுதிவைத்து, பக்கத்துப் பள்ளியின் கால்பந்து அட்டவணையையும் பார்த்துவிட்டுத்தான் எண்ணிக்கை சொல்வார். அப்படியும் வாரத்தில் மூன்று நாள் தப்பும். அதிகம் போட்டால் மிஞ்சும். குறைவாகப் போட்டால் ஏழு மணிக்கே தட்டு காலி. கொழுப்பு சீவி, வெந்து சுருங்கி, கடைசியில் கையில் நிற்பது வாங்கிய எடையில் ஏறக்குறைய பாதிதான். ஒரு பிரிஸ்கெட் மிஞ்சினால் அது சின்ன நட்டம் இல்லை.

இந்தச் சிக்கலுக்குப் பெயர்பெற்ற சின்னக் கடைகள் கண்டுபிடித்த வழி மிக எளிது: தீர்ந்தால் கடை மூடப்படும். ஆஸ்டினில் 2009-ல் ஒரு டிரெய்லரில் தொடங்கிய ஃபிராங்க்ளின் பார்பிக்யூ காலை 11 மணிக்குத் திறக்கும், கறி இருக்கும்வரைதான் வியாபாரம். லெக்சிங்டன் என்ற சிற்றூரின் ஸ்னோஸ் கடை வாரத்தில் சனிக்கிழமை மட்டும். காலை எட்டு மணிக்கே பிரிஸ்கெட் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். நம் ஊரிலும் மதியம் இரண்டரைக்கு "பிரியாணி தீர்ந்துவிட்டது" என்று பலகை மாட்டுகிற கடைகள் உண்டே, அதே கணக்கு. கடைசித் தட்டுக்கும் அன்றைக்கு இறக்கிய சட்டிதான். நீங்கள் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்பதே அந்தக் கடைக்காரரின் கணக்கு தப்பாமல் பார்த்துக்கொள்கிறது.

சங்கிலிக் கடையால் அதைச் செய்ய முடியாது. நெடுஞ்சாலை ஓரம் பெரிய பலகை வைத்து, வாரம் ஏழு நாளும் காலை 11-லிருந்து இரவு 9 வரை திறந்திருக்கும் என்று சொல்லிவிட்டால், இரவு எட்டரைக்குப் பசியோடு நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற குடும்பத்திடம் "இல்லை" என்று சொல்லக் கூடாது. தலைமை அலுவலகமே அதை விரும்பாது. அதனால் எப்போதும் ஏதோ ஒரு பிரிஸ்கெட் இருந்தாக வேண்டும். அந்த "ஏதோ ஒன்று" எப்போது வெந்தது, வெந்ததிலிருந்து எப்படி வைக்கப்பட்டது என்பதுதான் உங்கள் தட்டில் தெரிந்தது.

இங்கே பலரும் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சூட்டுப் பெட்டியில் வைத்திருந்த கறி என்றாலே பழசு என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. மிகச் சிறந்த கடைகளும் வெந்த பிரிஸ்கெட்டை முழுசாக, தாளோடு, 60 முதல் 65 டிகிரி சூட்டுப் பெட்டியில் எட்டு மணி, பத்து மணி நேரம்கூட வைக்கின்றன. அந்த ஓய்வில் கறி இன்னும் இளகி ருசி கூடும். கெடுதல் வருவது இரண்டு இடத்தில். ஒன்று, முன்கூட்டியே வெட்டித் தட்டில் அடுக்கி வைப்பது. வெட்டிய முகம் பத்தே நிமிடத்தில் மங்கி, கால் மணியில் ஓரம் சுருண்டுவிடும். இரண்டு, ராத்திரி மிஞ்சியதைக் குளிரவைத்து மறுநாள் சூடாக்குவது.

இரண்டாவதை நான் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மச்சான் கிளையில் மூடும் நேரத்தில் மிஞ்சிய முழு பிரிஸ்கெட்டுகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் குளிர்பெட்டிக்கு அனுப்புவார்கள். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நாலு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்று விதி; மறுநாள் 74 டிகிரிக்கு ஏற்றினால் போதும். நோய் வராது. ஆனால் காலையில் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, முந்தின நாள் நாருக்குள் இருந்த பசையும் சாறும் பிளாஸ்டிக்கின் அடியில் கெட்டியாக உறைந்து கிடக்கும். கறி கனம் குறைந்து பஞ்சு போல இருக்கும். மாட்டெலும்புச் சாறு ஊற்றி நீராவியில் சூடாக்கினால் பார்க்க ஈரமாகத்தான் தெரியும். வாயில் போட்டால் மேலே தண்ணீர், உள்ளே நார். கருகருவென்றிருந்த மேல்தோல் ஊறிப் போய் விரலோடு வரும். அதை வெட்டி ஒருவர் தட்டில் வைக்கும்போது எனக்குக் கை கூசியிருக்கிறது. சாஸ் பாட்டிலைத் தள்ளிவைத்துவிட்டு ருசி பார்க்கிற வாடிக்கையாளர் வந்தால் மச்சான் தானே முன்னால் வந்து, "இன்றைக்கு வான்கோழி நன்றாக இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவார்.

இதற்கு நேர்மையான வழி இரண்டு உண்டு. ஒன்று, மிஞ்சியதைக் கொத்தி சாஸோடு கலந்து "சாப்டு பீஃப்" சாண்ட்விச்சாக விற்பது. டெக்சஸில் அது காலங்காலமாக இருக்கிற சாப்பாடு. யாரையும் ஏமாற்றுவது ஆகாது. இன்னொன்று, இரண்டு வேளைக்கு இரண்டு ஏற்றம்: மதியத்துக்கு முந்தின இரவு ஏற்றுவது, இரவுச் சாப்பாட்டுக்கு விடியற்காலையில் ஏற்றிச் சாயங்காலம் இறக்குவது. அதற்கு விடியற்காலை நாலரைக்கு விஷயம் தெரிந்த ஒரு ஆள் வந்து நிற்க வேண்டும். அந்த ஆள் இருக்கிற கிளை நல்ல கிளை. அதே சங்கிலியின் பெயர்ப்பலகையோடு பத்து மைல் தள்ளி இருக்கிற கிளையில் அந்த ஆள் இல்லாமல் இருக்கலாம்.

அப்புறம் இயந்திரம். சங்கிலிக் கடைகளைக் குறை சொல்பவர்கள் முதலில் கைகாட்டுவது எரிவாயு அடுப்பைத்தான். பெரும்பாலான சங்கிலிகளில் இருப்பது ஆளுயர இரும்புப் பெட்டி. உள்ளே தட்டுகள் ராட்டினம் போலச் சுற்றும். சூட்டைத் தருவது எரிவாயு, புகையைத் தருவது பக்கத்தில் வைக்கிற ஒன்றிரண்டு விறகுக் கட்டை. சதர்ன் பிரைட், ஓல் ஹிக்கரி என்பவை இந்த வகையில் பெயர்பெற்றவை. முழுக்க விறகிலேயே ஓடுகிற சுழல் அடுப்பும் உண்டு. ஆய்லர் என்று பெயர், நம் டாலஸுக்கு அருகில் மெஸ்கீட் ஊரில் செய்வது. விறகுத் தீயை விடிய விடியக் காத்துச் செய்த கறிக்கு ஒரு வாசனை ஆழம் உண்டு, அதை எரிவாயுப் பெட்டி தராது என்பது உண்மை. ஆனால் நீங்கள் சாப்பிட்ட கறி காய்ந்துபோனதற்கு அந்தப் பெட்டி காரணம் இல்லை. சூட்டை ஒரே சீராகப் பிடிப்பதில் அது மனிதனைவிடக் கெட்டி. அதிலிருந்து வந்து நேரத்துக்கு வெட்டிய பிரிஸ்கெட்டை, சோம்பேறித்தனமாக விறகில் செய்ததைவிட மேலாக நான் சாப்பிட்டிருக்கிறேன்.

விறகு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நடு டெக்சஸில் ஓக் வகை, தெற்கு மாநிலங்களில் ஹிக்கரி, மேற்கு டெக்சஸில் மெஸ்கீட். இந்த மெஸ்கீட் வேறு யாரும் இல்லை, நம் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் காடாக மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். அங்கே மூட்டம் போட்டுக் கரியாக்குகிறோம், இங்கே கறிக்குப் புகை போடுகிறார்கள். புகை காரமாக இருக்கும் என்பதால் நீண்ட நேரச் சமையலுக்குப் பலரும் தவிர்ப்பார்கள்.

கறியை வெட்டினால் ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு வளையம் தெரியும். அதைப் பார்த்து மயங்காதீர்கள். விறகு எரியும்போது வருகிற வாயு கறியின் சிவப்பு நிறப்பொருளோடு சேர்வதால் அது உண்டாகிறது. ருசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பன்றிக்கறியைப் பதப்படுத்தப் போடும் உப்பைத் தடவினாலே அந்த நிறத்தை வரவைத்துவிடலாம்.

சரி, சங்கிலிகளுக்கு வருவோம். "சங்கிலிக் கடை" என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளுக்குள் மூன்று நான்கு சாதி உண்டு.

பிரான்சைஸ் முறையில் பரவியவை முதல் வகை. டிக்கீஸ் இதில் பெரியது. 1941-ல் டிராவிஸ் டிக்கி டாலஸில் தொடங்கிய ஒற்றைக் கடை. ஐம்பது வருடத்துக்கு மேல் குடும்பக் கடையாகவே இருந்து, 1994-ல்தான் பிரான்சைஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு கட்டத்தில் 500 கிளைகளைத் தாண்டியது, பிறகு நிறைய மூடின. இப்படி வேகமாகப் பரவுகிற எந்தச் சங்கிலியிலும் தரம் என்பது அந்தந்த உரிமையாளரின் தரம்தான். ஒரு பர்கர் கடையைப் புத்தகத்தைப் பார்த்து நடத்திவிடலாம். பார்பிக்யூவுக்குப் புத்தகம் போதாது: ஒவ்வொரு மாட்டின் நெஞ்சும் ஒவ்வொரு மாதிரி, எது வெந்தது, எது இன்னும் ஒரு மணி நேரம் கேட்கிறது என்று விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். பிரான்சைஸ் எடுப்பவர் தலைமை நிறுவனத்துக்கு லாபத்தில் அல்ல, விற்பனையில் பங்கு கட்டுகிறார். மாட்டுக்கறி விலை ஏறும்போது அவருக்குக் கையில் நிற்பது ரொம்பக் குறைவு. மச்சான் கடை மூடியதற்கும் அதுதான் காரணம். பிரிஸ்கெட் விலை ஏறியபோது ஆளைக் குறைத்தார், விடியற்காலை ஏற்றம் நின்றது, சாயங்காலக் கறி கெட்டது, சாயங்காலக் கூட்டம் போனது. எல்லாம் எட்டே மாதத்தில்.

மேசையில் உட்கார வைத்துப் பரிமாறுபவை இரண்டாம் வகை. ஃபேமஸ் டேவ்ஸ் 1994-ல் விஸ்கான்சினில் டேவ் ஆண்டர்சன் தொடங்கியது. சன்னீஸ் 1968-ல் ஃபுளோரிடாவின் கெயின்ஸ்வில்லில். இங்கே விலா எலும்பும் சாஸும்தான் பிரதானம். மெனு அட்டை மாநிலம் மாநிலமாகச் சுற்றும்: டெக்சஸ் பிரிஸ்கெட், கான்சஸ் சிட்டி இனிப்புச் சாஸ், மெம்ஃபிஸ் விலாக்கறி, கரோலினாப் பக்கத்துப் பன்றிக்கறி. ஒவ்வோர் ஊரும் தலைமுறை தலைமுறையாக ஒரே ஒன்றைச் செய்து பேர் வாங்கியதை ஒரே அடுப்படியில் எல்லாமாகச் செய்வது கஷ்டம். பிள்ளைகளோடு நிதானமாக உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டும் என்றால் போகலாம். பிரிஸ்கெட்டுக்காகப் போக வேண்டாம்.

மூன்றாவது, வெட்டும் பலகையைக் கண்முன்னே வைத்திருப்பவை. எனக்குப் பிடித்த வகை இதுதான். ரூடீஸ் 1989-ல் சான் அன்டோனியோவுக்கு வெளியே லியோன் ஸ்பிரிங்ஸில் பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த கடையாக ஆரம்பித்தது. "டெக்சஸிலேயே மோசமான பார்பிக்யூ" என்று பலகையில் தாங்களே எழுதிவைத்திருப்பார்கள். ஓக் விறகில் சமைத்து, எடைக்கு எடை வெட்டி, தாளில் வைத்துத் தருவார்கள். முதல் தடவை வருகிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் ஒரு துண்டு வெட்டி ருசி பார்க்கக் கொடுப்பார்கள். இந்த வகையில் ஒரு பெரிய நன்மை, மறைக்க இடம் இல்லை. பெட்டியிலிருந்து முழுக் கறி வருகிறதா, ஏற்கெனவே வெட்டியது வருகிறதா என்று வரிசையில் நிற்கும்போதே தெரிந்துவிடும்.

பக்-ஈஸை இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்க மாட்டார்கள். 1982-ல் தொடங்கிய பெட்ரோல் பங்க் சங்கிலி அது. ஆனால் ஹூஸ்டன் போகும் வழியில் நம்மவர்கள் நிறுத்தாமல் போவதில்லை. உள்ளே நடுவில் பலகை போட்டு, புதுப் பிரிஸ்கெட் வந்ததும் எல்லோரும் சேர்ந்து உரக்கக் குரல் கொடுத்துக் கொத்த ஆரம்பிப்பார்கள். அங்கே கறி நன்றாக இருப்பதற்கு முக்கியக் காரணம் கூட்டம். பலகைக்கு வந்த கறி காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை.

கடைசியாக, பெரிய பேர் வாங்கி நாலைந்து ஊர்களுக்கு மட்டும் பரவியவை. லாக்கார்ட்டில் 1932-லிருந்து இருக்கும் பிளாக் குடும்பத்தின் ஒரு கிளை 2014-ல் ஆஸ்டினில் டெரி பிளாக்ஸ் என்று தனிக்கடை போட்டது. இப்போது டாலஸிலும் உண்டு. மெக்கின்னியிலும் ஃபிரிஸ்கோவிலும் இருக்கும் ஹட்சின்ஸும் இப்படித்தான். இவற்றைச் சங்கிலி என்று சொல்வதா வேண்டாமா என்று வாதம் பண்ணலாம். உங்களுக்கு முக்கியம், இங்கே வரிசை வேகமாக நகரும், கறி சின்னக் கடைக்குச் சமமாகவே இருக்கும். பிரிஸ்கெட் பவுண்டு 30 டாலருக்கு மேல் போகும், அது மட்டும் மனதில் இருக்கட்டும். 2024-ல் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்துத் தரம் சொல்லும் மிஷ்லின் வழிகாட்டி முதல் முறையாக டெக்சஸுக்கு வந்தபோது நான்கு பார்பிக்யூ கடைகளுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. மூன்று ஆஸ்டினில், ஒன்று ஹூஸ்டனுக்கு வடக்கே ஸ்பிரிங்கில். நான்கும் சொந்தக்காரர் நின்று நடத்துகிற கடைகள்.

இனி நடைமுறை. பிரிஸ்கெட் வேண்டுமா, பதினொன்றரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் போங்கள். சனிக்கிழமை மதியம் இன்னும் நல்லது, கூட்டம் அதிகம் என்பதால் கறி தங்காது. இரவுதான் முடியும் என்றால் கல்லாவில் தயங்காமல் கேளுங்கள்: "இது எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கியது?" நல்ல கிளையில் உடனே பதில் வரும். முழித்தால் வேறு ஏதாவது வாங்குங்கள்.

நம்மவர்கள் பழக்கமாக "லீன்" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். பிரிஸ்கெட்டில் இரண்டு தசை ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். தட்டையான பக்கம் லீன், கொழுப்பு ஓடிய பருத்த பக்கம் மாயிஸ்ட். சங்கிலிக் கடையில் முதலில் காய்வது லீன் பக்கம். கொழுப்பு வேண்டாம் என்றால் மாயிஸ்டே வாங்கி, ஓரத்தில் இருப்பதைத் தள்ளிவிட்டுச் சாப்பிடுங்கள். துண்டு பென்சில் தடிமனில் இருக்க வேண்டும். விரல் மேல் போட்டால் இரண்டு பக்கமும் வளைந்து தொங்கி, லேசாக இழுத்தால் பிரிய வேண்டும். வளையாமல் நின்றால் வேகவில்லை, தூக்கும்போதே உதிர்ந்தால் அளவுக்கு மேல் வெந்துவிட்டது. தடிமனாக வெட்டிக் கொடுத்தால் கறி உதிர்கிறது என்பதை வெட்டுபவர் மறைக்கிறார். மெலிசாக வெட்டினால் கடினமாக இருப்பதை மறைக்கிறார். நானும் அந்தப் பலகையில் நின்று இதைச் செய்திருக்கிறேன்.

சங்கிலிக் கடையில் எந்த நேரத்திலும் கைவிடாதது பன்றித் தோள்கறியை உதிர்த்துச் செய்யும் புல்டு போர்க். கொழுப்பு உள்ளெல்லாம் பரவியிருப்பதால் ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனாலும் தாங்கும், உதிர்த்த பின் அதன் சாற்றையே ஊற்றிக் கலந்துவிடலாம். சாசேஜும் அப்படியே, தோலுக்குள் பத்திரமாக இருப்பதால் சூட்டுப் பெட்டி அதை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஹலாப்பினோ மிளகாயும் சீஸும் சேர்த்தது நம் நாக்குக்குப் பிடிக்கும். விலாக்கறியைப் பற்றி ஒரு வார்த்தை: எலும்பைத் தொட்டாலே கறி கழன்று விழுகிறது என்பதை விளம்பரத்தில் பெருமையாகச் சொல்வார்கள். போட்டிகளில் நடுவர்கள் அதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். கடித்த இடத்தில் மட்டும் பல் பதிந்த அடையாளத்தோடு கறி வந்து, மிச்சம் எலும்பிலேயே நிற்க வேண்டும்.

கடைக்கு வெளியே அடுக்கியிருக்கும் விறகையும் ஒரு பார்வை பாருங்கள். சிலந்தி வலை கட்டி, மழையில் கருத்துக் கிடந்தால் அது அலங்காரத்துக்கு. தரையில் பட்டைத் தூளும் சிராயும் சிதறி, அடுக்கில் ஒரு மூலை குறைந்திருந்தால் உள்ளே எரிகிறது.

உங்கள் அப்பா விஷயம் உண்மையில் சுலபம். மாடு வேண்டாம் என்பவருக்குச் சங்கிலிக் கடை ஒரு விதத்தில் வசதிதான், ஏனென்றால் கோழியும் வான்கோழி நெஞ்சுக்கறியும் மூன்று மணி நேரத்துக்குள் ஆகிவிடும். பத்து மணி நேரம் முன்னால் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை ஏற்றலாம். அதனால் இரவிலும் புதிதாக இருக்கும். டெக்சஸ் கடைகளில் வான்கோழிக்கு மிளகைத் தாராளமாகத் தூவி, வெண்ணெயில் நனைத்துப் புகை போடுவார்கள். மெத்தென்று, காரமும் உறைப்பாக இருக்கும். பெரியவர்கள் பல்லுக்கும் ஒத்துப்போகும். மாட்டுக்கறியும் கோழியும் ஒரே பலகையில், ஒரே கத்தியில் வெட்டப்படுவது அப்பாவுக்கு உறுத்தும் என்றால், ஆர்டர் கொடுக்கும்போதே பலகையையும் கத்தியையும் மாற்றிக் கையுறையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் சிரித்த முகத்தோடு செய்வார்கள். தொட்டுக்கொள்ளும் பீன்ஸில் மட்டும் ஜாக்கிரதை: பெரும்பாலான கடைகளில் அதில் பிரிஸ்கெட் துணுக்கோ பன்றிக்கறியோ கிடக்கும். கேட்டு வாங்குங்கள். சோளமும் உருளைக்கிழங்கு சாலடும் பயமில்லை, கோல்ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலடும் அப்படித்தான்.

கூட்டிப்போக நான் சொல்வது, பலகை கண்முன்னே இருக்கிற கடை, ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை பதினொன்றே முக்கால். உங்களுக்கும் அம்மாவுக்கும் மாயிஸ்ட் பிரிஸ்கெட் அரைப் பவுண்டு, எல்லோருக்குமாக வான்கோழி முக்கால் பவுண்டு, கோழி பாதி. சாசேஜ் வேண்டுமென்றால் எதில் செய்தது என்று கேளுங்கள், இங்கே பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்துதான் இருக்கும். வான்கோழியில் செய்வதும் சில கடைகளில் உண்டு. சாஸைத் தனியாக வாங்கி ஓரமாக வையுங்கள், முதல் வாய் சாஸ் இல்லாமல். வெள்ளை ரொட்டி, பச்சை வெங்காயத் துண்டு, வெள்ளரி ஊறல், ஊறவைத்த ஹலாப்பினோ எல்லாம் ஓரத்தில் இலவசமாக வைத்திருப்பார்கள். அம்மா கையில் ஒரு சின்ன டப்பா எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவருவார்கள், அதையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். மிளகு தூவிய வான்கோழிக்கு அது அவ்வளவு பொருத்தம். எங்கள் வீட்டில் 14 வருடமாக அப்படித்தான் சாப்பிடுகிறோம்.